சவாரிக் குதிரைக்குப் பயிற்சி வார்களைப் பூட்டும் முறை

செலவுக்குக் கடிவாளம், பேச்சுக்குக் கடிவாளம் என்று சொல்லிச் சொல்லி, கடிவாளம் என்றாலே அடக்குவது என்று நமக்குப் பதிந்துவிட்டது. அந்த நினைப்போடு லாயத்துக்குள் நுழைகிறவர் ஒவ்வொரு வாரையும் ஒரு துளை கூடுதலாகத்தான் இறுக்குவார். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தரோபிரெட் குதிரை (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) 450 முதல் 500 கிலோ வரை இருக்கும். அதை எந்தத் தோல்வாராலும் அடக்கி வைக்க முடியாது. முயன்றால் வார் அறும், அல்லது குதிரை விழும்.

மார்ட்டிங்கேல், சைடு ரெயின்ஸ் போன்ற பயிற்சி வார்கள் வேறு வேலைக்கு உள்ளவை. தலையை எவ்வளவு தூக்கலாம், எவ்வளவு திருப்பலாம் என்று ஓர் எல்லையைக் காட்டுவதோடு அவற்றின் வேலை முடிகிறது. குதிரை எல்லைக்குள் இருக்கும்வரை வார் சும்மா கிடக்க வேண்டும். தாண்டும்போது தொட வேண்டும். திரும்பி வந்த கணமே விட்டுவிட வேண்டும். குதிரை கற்றுக்கொள்வது அந்த விடுதலில்தான். எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கிற வாரிலிருந்து அது கற்பது ஒன்றுதான்: எதிர்த்து இழுப்பது.

சென்னை, பெங்களூர்ப் பக்கத்துச் சவாரிப் பள்ளிகளில் பந்தயத் திடலிலிருந்து வந்த குதிரைகள் நிறைய. அவற்றுக்கு இது இன்னும் பொருந்தும். பந்தயத்தில் ஓடிய குதிரை, ஓட்டுபவர் கையில் பிடிக்கும் வாரான ரெயின்ஸ் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு வேகமெடுக்கப் பழகியிருக்கும். நாம் நிறுத்துவதற்காக இழுக்கிறோம். குதிரையின் காதில் அது 'போ' என்று விழுகிறது. அதனால் இங்கே சொல்லும் அளவுகளை அப்படிப்பட்ட குதிரையை மனத்தில் வைத்தே படியுங்கள்.

கட்டுவதில் தொடங்குகிறது

பூட்டுவதற்கு முன் குதிரையைக் கட்ட வேண்டும். கயிற்றைச் சுவரிலுள்ள இரும்பு வளையத்தில் நேராகக் கட்டாதீர்கள். வளையத்தில் மெல்லிய சணல் துண்டு ஒன்றை முடிந்து, அதில் கயிற்றைக் கட்டுங்கள். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்கிற உருவு முடிச்சாக இருக்கட்டும். குதிரை மிரண்டு பின்னுக்கு இழுத்தால் சணல் அறுந்து போகும். குதிரையின் கழுத்தும் சுவரும் பிழைக்கும். கடிவாளம் போட்ட குதிரையை ரெயின்ஸைக் கொண்டு கட்டவே கூடாது. பின்னுக்கு இழுத்தால் முழு விசையும் வாயில் இறங்கும். நாக்கு கிழிவதும் தாடை எலும்பு உடைவதும் அப்படித்தான்.

முதலில் சேணம், பிறகு கடிவாளம், கடைசியில்தான் பயிற்சி வார்கள். கழற்றும்போது பயிற்சி வார்கள் முதலில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாதி பூட்டிய நிலையில் குதிரை கைநழுவி ஓடினால் அதன் மேல் என்ன தொங்கிக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

சேணமும் கர்த்தும்

சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னுக்குத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். அப்போதுதான் அடியில் உள்ள ரோமம் படிந்து கிடக்கும். பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளினால் ரோமம் எதிர்த்து நின்று தோலை அரிக்கும். ரொம்ப முன்னால் வைத்துவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, ரொம்பப் பின்னால் போய்விட்டால் தூக்கி எடுத்து மறுபடி வையுங்கள்.

தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். சேணத்தின் உள் மரச்சட்டத்தின் முனை அதற்கு இரண்டு மூன்று விரல் பின்னால் இருக்க வேண்டும். பின்பக்கம் கடைசி விலாவைத் தாண்டக் கூடாது. குதிரைக்கு 18 ஜோடி விலா. கடைசி விலாவை வயிற்றோரம் விரலால் பிடித்து, அதைப் பின்பற்றி மேலே முதுகு வரை கொண்டு போனால் எல்லை தெரிந்துவிடும். அதற்குப் பின்னால் உள்ள முதுகுக்குக் கீழிருந்து விலாத் தாங்கல் இல்லை. அங்கே சுமை ஏறினால் இடுப்பு வலிக்கும்.

கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கிறதே, அதைக் குதிரைக்காரர்கள் விதர்ஸ் என்பார்கள். தரோபிரெட்டுக்கு அது உயர்ந்து கூர்மையாக இருக்கும். சேணத்தின் முன்வளைவுக்கும் அந்த மேட்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் புக வேண்டும், அதுவும் ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு. ஏறுவதற்கு முன் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வது பலர் செய்யும் தவறு. அடித்துணியையும் முன்வளைவுக்குள் மேலே இழுத்து விடுங்கள். துணி மேட்டின் மேல் இழுபட்டுக் கிடந்தால், சேணம் எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் அந்தத் துணியே புண்ணாக்கிவிடும்.

பிறகு உள்ளங்கையை விரித்து, சேணத்தின் அடித்திண்டுக்கும் முதுகுக்கும் நடுவில் முன்னாலிருந்து பின்னால் வரை விட்டுப் பாருங்கள். அழுத்தம் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முன்னும் பின்னும் இறுக்கி, நடுவில் கை சும்மா ஆடினால் சேணம் பாலம் போல நிற்கிறது. நான்கு மூலையில் மட்டும் ஆளின் எடை இறங்குகிறது. அடியில் இன்னொரு துணி போட்டால் இது சரியாகாது. இறுக்கமான காலணிக்குள் இன்னொரு காலுறை போட்ட கதைதான்.

கர்த் என்பது சேணத்தை வயிற்றடியில் பிடித்துக்கொள்ளும் பட்டை. முன்னங்கால் முழங்கைக்கு ஓர் உள்ளங்கை அகலம் பின்னால் அது வர வேண்டும். நெருங்கி வந்தால் ஒவ்வோர் எட்டிலும் உரசும். சென்னை வியர்வையில் மூன்றே நாளில் அங்கே தோல் வழன்றுவிடும். கர்த்தை ஒரே மூச்சில் இழுத்துக் கட்டாதீர்கள். சேணம் நழுவாத அளவுக்கு முதலில் ஒரு தடவை, கடிவாளம் போட்ட பிறகு ஒரு துளை, சிறிது நடத்திவிட்டு ஏறுமுன் இன்னொரு துளை. ஏறிப் பத்து நிமிடம் போனதும் மறுபடி பார்க்க வேண்டும். திடீரென்று இறுக்கப்பட்ட குதிரை மூச்சை அடக்கி முதுகை வில்லாக வளைக்கும். சில குதிரைகள் முதல் எட்டிலேயே துள்ளும், சில அப்படியே கீழே உட்காரும். 'வேண்டுமென்றே வயிற்றை ஊதிக்கொள்கிறது' என்று லாயத்தில் சொல்வது வழக்கம். அது குறும்பு இல்லை, முன்பு பட்ட வலியை எதிர்பார்த்து உடம்பைக் கெட்டியாக்கிக்கொள்வது.

இறுக்கத்தை எங்கே பார்ப்பது? பக்கவாட்டில் விலாவுக்கும் கர்த்துக்கும் நடுவே விரல் விட்டால் சதை நெகிழ்ந்து இடம் கொடுத்துவிடும், கணக்கு பொய்யாகும். முன்னங்கால்களுக்கு நடுவே, மார்பெலும்பின் மேல் பாருங்கள். இரண்டு விரல் கொஞ்சம் அழுத்தி நுழைந்தால் சரி. எந்த வாரானாலும் சதையில் அளக்காதீர்கள், எலும்பின் மேல் அளங்கள். மூக்குவாருக்கும் இதே விதிதான் வரப்போகிறது.

கட்டி முடித்ததும் முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னால் நீட்டி இழுத்து விடுங்கள். கர்த்தின் அடியில் மடிந்து மாட்டிக்கொண்ட தோல் விடுபடும்.

கடிவாளமும் பிட்டும்

குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. பிட் எனப்படும் இரும்பு அந்த ஈறின் மேல்தான் உட்காருகிறது. ஆண் குதிரைக்கு நான்கைந்து வயதில் அந்த இடைவெளிக்குள் கோரைப்பல் முளைக்கும். மேல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சிறிய 'ஓநாய்ப் பல்' ஒன்றும் சில குதிரைகளுக்கு இருக்கும். பிட் அதில் இடித்தால் குதிரை தலையை உதறும். அதை முரண்டு என்று நினைத்து மேலும் ஒரு வாரைக் கட்டுவதற்கு முன், பல்லைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்வலிக்கு வார் மருந்தாகாது.

தரோபிரெட் குதிரைகளுக்குப் பெரும்பாலும் 5 அங்குல பிட், அதாவது ஏறத்தாழ 12.5 செ.மீ. அகலம் பொருந்தும். ஆனாலும் வாயை அளந்தே வாங்குங்கள். வளையம் தளர்வாகச் சுழலும், நடுவில் மூட்டுள்ள ஸ்னாஃபில் வகை பிட் என்றால் உதட்டுக்கு வெளியே இரு பக்கமும் 5 மி.மீ. போல நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் வளையத்துளை உதட்டோரத்தைக் கவ்வும். கூடினால் பிட் பக்கவாட்டில் ஓடி, நடுமூட்டு ஒரு பக்கமாகப் போய்க் குத்தும். தடித்த பிட் மென்மையானது என்றொரு நம்பிக்கை உண்டு. நாக்கு தடித்த, அண்ணம் தாழ்ந்த வாய்க்குள் தடித்த இரும்பை வைத்தால் அது எங்கே போகும்? அதற்கு வாயை மூடவே இடமிருக்காது.

உயரம் பார்க்க உதட்டோரச் சுருக்கத்தைக் கவனியுங்கள். ஒன்று அல்லது இரண்டு சுருக்கம் போதும். ஆனால் சுருக்கம் எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள்; உதடு தடித்த குதிரைக்குச் சுருக்கம் தவறாகக் காட்டும். உதட்டைத் தூக்கி, பிட் பல்லில் இடிக்காமல் ஈறின் மேல் கிடக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

நெற்றிவார் காதடியை இழுக்கக் கூடாது. ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் காத்தியவாரி குதிரைகளுக்குக் காதுகள் உள்நோக்கி வளைந்து நுனி தொட்டுக்கொண்டு நிற்கும். மற்றக் குதிரைகளுக்கென்று தைத்த குட்டையான நெற்றிவார் அவற்றுக்குத் தலைவாரை முன்னால் இழுத்துக் காதடியில் வெட்டும். தொண்டைவார் தளர்வாக இருக்கட்டும். கன்னத்துக்கும் வாருக்கும் நடுவே நான்கு விரல் நிமிர்ந்து நுழைய வேண்டும். தலையை மடக்கும்போது தாடைக் கோணம் விரிய இடம் தேவை.

மூக்குவாரில்தான் தகராறு. வாயைத் திறக்கும் குதிரைக்கு மூக்குவாரை இறுக்கினால் வாய் மூடிக்கொள்ளும், உண்மைதான். வாயைத் திறக்க வைத்த காரணம் உள்ளேயே இருக்கும். மூக்கின் நடு எலும்பின் மேல், வாருக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். கன்னப்பக்கம் விரல் விட்டுப் பார்த்துச் சமாதானம் ஆகாதீர்கள், முன்பு சொன்ன அதே காரணம். விரலுக்கு விரல் தடிமன் மாறும் என்பதால், சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் போட்டிகளில் இதை அளக்க ஒரு கருவியையே கொண்டுவந்திருக்கிறது. அதன் கணக்கு 1.5 செ.மீ. வீட்டில் 1.5 செ.மீ. தடிமனுள்ள ஒரு வழவழப்பான மரத்துண்டு செய்து வைத்துக்கொண்டால் போதும். கன்ன எலும்பின் மேடு முடியும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே வார் வர வேண்டும். அதற்கும் மிகக் கீழே இறங்கினால் மூக்கெலும்பு முடிந்து குருத்தெலும்பு வந்துவிடும். அங்கே அழுத்தினால் மூச்சு தடைபடும்.

மார்ட்டிங்கேல்

குதிரை தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டால் பிட் ஈறின் மேல் வேலை செய்யாமல் உதட்டோரத்தில் ஏறிவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் உதவுவது ஓடும் மார்ட்டிங்கேல். கர்த்திலிருந்து கிளம்பி, முன்னங்கால்களுக்கு நடுவே வந்து, மார்பில் இரண்டாகப் பிரிந்து, இரு முனையிலும் உள்ள வளையங்கள் வழியே ரெயின்ஸ் ஓடும்.

நீளம் பார்க்க, ரெயின்ஸில் கோக்குமுன் இரு வளையங்களையும் சேர்த்துத் தோள்வழியே விதர்ஸ் நோக்கி இழுங்கள். மேட்டின் உச்சிக்கு ஒரு சாண் பாதி, அதாவது 10 செ.மீ. போல, குறைவாக நின்றால் தொடங்குவதற்கு நல்ல அளவு. கோத்த பிறகு இன்னொரு சோதனை உண்டு. தலை இயல்பான உயரத்தில் இருக்கும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பிட்டிலிருந்து ஓட்டுபவர் கை வரை ரெயின்ஸ் நேர்கோடாக இருக்க வேண்டும். நடுவில் கீழ்நோக்கி முறிந்தால் மார்ட்டிங்கேல் குட்டை. இரவும் பகலும் யாரோ ரெயின்ஸைக் கீழே பிடித்து இழுப்பது போல.

இதில் இரண்டு சிறிய ரப்பர் துண்டுகளை யாரும் மதிப்பதில்லை. ரெயின்ஸில் பிட்டிலிருந்து 25 செ.மீ. அளவில் நிற்கும் தடுப்பு ஒன்று. அது இல்லாவிட்டால் மார்ட்டிங்கேல் வளையம் வழுக்கிப் போய் பிட்டின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் குதிரையின் தலை மார்போடு கட்டப்பட்ட நிலைதான். பயந்த குதிரை பின்னுக்குப் போய் எழும்பும், விழும். இன்னொன்று கழுத்துவாரும் மார்புவாரும் சந்திக்கும் இடத்தில் உள்ள தடித்த ரப்பர் வளையம். அது இல்லாவிட்டால் மார்புவார் தொங்கி, தடை தாண்டும்போது குதிரை தன் முன்னங்காலையே அதற்குள் விட்டுக்கொள்ளும். இரண்டும் கைக்காசு விலை. இல்லாமல் மார்ட்டிங்கேல் போடாதீர்கள்.

நிற்கும் மார்ட்டிங்கேல் என்ற இன்னொரு வகை மூக்குவாரில் மாட்டப்படுவது. சாதாரண மூக்குவாரில் மட்டுமே அதை மாட்டலாம். தாழ்வாகக் கட்டும் வகைகளில் மாட்டினால் குருத்தெலும்பை வெட்டும்.

லஞ்சிங்கும் சைடு ரெயின்ஸும்

ஆளில்லாமல் நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டிப் பழக்குவது லஞ்சிங். கயிறு 7–8 மீட்டர் நீளம், வட்டம் ஏறத்தாழ 15 மீட்டர் விட்டம். சின்ன வட்டத்தில் ஓடவிட்டால் கால் மூட்டுகள் ஒரு பக்கமாகத் திருகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திசை மாற்றி, மொத்தம் 20 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். கையுறையும் தலைக்கவசமும் கட்டாயம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது; அடுக்கடுக்காக மடித்துப் பிடிக்க வேண்டும். சுற்றிய கயிறு குதிரை ஓடும்போது விரலையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கயிறு மாட்ட கேவசன் என்ற திண்டு வைத்த மூக்குப்பட்டை இருக்கிறது. அதன் வளையம் மூக்கின் நடுவில் இருப்பதால் வாய்க்கு வேலை இல்லை. பிட்டின் உள்வளையத்தில் நேராகக் கயிற்றை மாட்டினால் குதிரை வெளியே இழுக்கும்போதெல்லாம் பிட் வாய்க்குக் குறுக்கே உருவும். கேவசன் ஒன்றைத்தான் கொஞ்சம் அணைத்துக் கட்டச் சொல்வோம். தளர்ந்தால் சுழன்று, வெளிப்பக்கக் கன்னவார் கண்ணுக்குள் போய்விடும். தாடையடி வார் அதற்காகவே இருக்கிறது. ரெயின்ஸைக் கழுத்தடியில் முறுக்கி, தொண்டைவாரை அதற்குள் விட்டுக் கட்டுங்கள். அங்கவடிகளை மேலே ஏற்றி, நழுவாதபடி வாரைச் சுற்றி முடியுங்கள்.

இனி சைடு ரெயின்ஸ். இரண்டு வார்கள், ஒரு முனை கர்த்திலோ ரோலர் என்ற முதுகுப்பட்டையிலோ, மறுமுனை பிட் வளையத்திலும் மாட்டப்படும். பார்க்க எளிது. லாயத்தில் உள்ள எல்லா வார்களிலும் பெரிய விபத்துகளைச் செய்யக்கூடியது இதுதான். காரணம், கையில் பிடித்த ரெயின்ஸை ஆபத்தில் விட்டுவிடலாம், இது விடாது. முன்னால் வழி அடைபட்டதாக நினைத்த குதிரை முதலில் தயங்கும், பின்னுக்கு வரும், பிறகு பின்னங்கால்களில் எழும்பும். எழும்பிய குதிரை கீழே வரத் தலையை முன்னுக்கு நீட்டிச் சமன் செய்ய வேண்டும். குட்டையாகக் கட்டிய வார் அதை விடுவதில்லை. மல்லாந்து விழுகிறது.

அதனால் முதல் பத்து நிமிடம் சைடு ரெயின்ஸ் இல்லாமல் ஓட்டுங்கள். உடம்பு சூடாகி, குதிரை தானாகக் கழுத்தை நீட்டிக் கொடுத்த பிறகு மாட்டுங்கள். கர்த்தில் மாட்டும்போது வாரை, கர்த்தைச் சேணத்தோடு பிடிக்கும் பட்டைகளில் முதல் பட்டைக்கு அடியில் விட்டு இரண்டாவது பட்டையைச் சுற்றி எடுங்கள். வெறுமனே சுற்றினால் ஓட்டத்தில் நழுவி வயிற்றடிக்கு இறங்கிவிடும். உயரம் தோள்முனை மட்டத்தை ஒட்டி இருக்கட்டும். முதல் நாட்களில் குதிரை இயல்பாக நிற்கும்போது வார் லேசாகத் தொய்ந்து தொங்க வேண்டும். பழகப் பழக ஒவ்வொரு துளையாகக் குறைக்கலாம். எவ்வளவு பழகினாலும் நெற்றியிலிருந்து மூக்கு வரை உள்ள கோடு செங்குத்துக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். மூக்கு மார்பை நோக்கி மடிந்துவிட்டால் படத்துக்கு அழகாக இருக்கும். கழுத்துச் சுருங்கி, முதுகு தாழ்ந்து, பின்னங்கால் இழுபடும்.

நடை, டிராட் என்ற துள்ளோட்டம், கேன்டர் என்ற மிதப் பாய்ச்சல் மூன்றிலும் தலை ஒரே மாதிரி ஆடுவதில்லை. நடையில் ஒவ்வோர் எட்டுக்கும் தலை முன்னும் பின்னும் போகும். டிராட்டில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். கேன்டரில் மறுபடி ஆடும். ஆகவே சைடு ரெயின்ஸ் டிராட்டுக்கு உரிய கருவி. நடக்க விடும்போது கழற்றுங்கள் அல்லது நன்றாக நீட்டி விடுங்கள். நடையிலேயே கட்டி வைத்த குதிரை நாளடைவில் எட்டைக் குறுக்கிக் குறுக்கி வைக்கும்.

குதிரை நின்று, பின்வாங்கி, முன்னங்கால் லேசாகத் தூக்கப் பார்த்தால் சவுக்கைத் தொடாதீர்கள். லஞ்ச் கயிற்றைத் தளர விடுங்கள். எதிரே போகாமல் தோள்பக்கமாக ஒதுங்கி அணுகி, நின்றதும் வாரைக் கழற்றுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

லாயத்திலிருந்து திடலுக்குக் கூட்டிப் போகும்போது சைடு ரெயின்ஸ் பிட்டில் இருக்கக் கூடாது. சேண வளையத்தில் மாட்டி வைக்கலாம். ஆள் ஏறிப் பாடம் படிக்கும் லஞ்சிங் என்றால், ஏறிய பிறகு மாட்டி, இறங்குமுன் கழற்ற வேண்டும். இவற்றோடு தடை தாண்டவோ வெளியே சவாரி போகவோ கூடாது. வாரின் நடுவில் ரப்பர் வளையம் வைத்தது, முழுவதும் எலாஸ்டிக், வெறும் தோல் என்று மூன்று வகை கிடைக்கும். பந்தயக் குதிரைக்கு எலாஸ்டிக் வேண்டாம். அது சாயச் சாய நீண்டு கொடுக்கும். சாய்வதற்குக் கூலி கிடைத்த மாதிரி. டிரா ரெயின்ஸ் எனப்படும் கப்பி போல இழுக்கும் வாரைத் தொடங்குபவர்கள் தொடவே வேண்டாம். கை செய்யும் சின்னத் தவறையும் அது பெருக்கிக் காட்டும்.

கழற்றிய பிறகு

சேணத்தை எடுத்ததும் முதுகைப் பாருங்கள். எங்கும் வியர்த்து, ஓரிடம் மட்டும் வட்டமாக உலர்ந்து கிடந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்று சந்தேகப்படுங்கள். விரலால் அழுத்தினால் குதிரை முதுகைத் தாழ்த்தும். கரிய முதுகில் வெள்ளை ரோமத் திட்டு இருந்தால், அந்தச் சேணமோ அதற்கு முந்தியதோ எப்போதோ ரோமக்காலைக் கெடுத்திருக்கிறது. நடுமுதுகின் முதுகெலும்பின் மேல் உலர்ந்திருப்பது மட்டும் இயல்பு, சேணத்தின் அடியில் நடுவே ஓடும் பள்ளம் அங்கே தொடாது.

பிட்டைத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். வாரின் தோல் நம் ஊரில் முதலில் அழுகுவது தையலில். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பூஞ்சை பூத்துக் கிடக்கும் தோலைத் துடைத்தால் பளபளப்பு வந்துவிடும், உள்ளே நூல் மக்கியிருக்கும். கர்த்தைப் பிடிக்கும் பட்டைகள், ரெயின்ஸ் கொக்கி, அங்கவடி வார் மூன்றிலும் கொக்கி மடிப்பைப் பிரித்து, தையலை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு சைடு ரெயின்ஸையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டு, துளைக்குத் துளை ஒப்பிடுங்கள். வலுவான பக்கத்துக்கு இழுத்து இழுத்து ஒரு வார் ஓர் அங்குலம் நீண்டிருக்கும். 'இந்தக் குதிரை இடப்பக்கம் வளைய மாட்டேன் என்கிறது' என்று பல வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அந்த ஓர் அங்குலமே காரணமாக இருக்கலாம்.